கேள்வி கேட்கப்போய்ப் பதில் சொல்லி வந்த உளவியல் பேராசிரியருக்கு

மனம் எனும் மறைபொருளை மாணவியர்க்கு மலர்த்திக் காட்டிய மாண்பின் மணிவிளக்கே! சித்தூர்ச் சீமையின் சிந்தைக்கு இனிய செல்வமே! நகரி மண் நல்கிய நற்றமிழ் நங்கையே! சொல்லில் சுருக்கமும், செயலில் செறிவும், சிரிப்பில் மட்டும் சிக்கனமும் காட்டிய சீர்மிகு பேராசிரியர் முனைவர் ஸ்வர்ணலதா அம்மையாரே! முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இக்கல்லூரியின் உளவியல் துறையில் ஓயாது உழைத்து, இன்று பணி நிறைவு காணும் உங்களை, உடன் உழைத்த நாங்கள் உளம் நெகிழ்ந்து, கரம் குவித்து வணங்குகிறோம்!

அப்பாடா! அடைமொழிகள் முடிந்தன. "இதற்கு மேல் ஒன்று போட்டாலும் மேடையை விட்டு இறங்கிப் போய்விடுவேன்" என்று அம்மையார் நேற்றே எச்சரித்துவிட்டார். சொன்னால் செய்வார். தெலுங்கில் சன்மான பத்திரம் என்கிற பாராட்டுப் பத்திரம் வாசித்தாயிற்று. அதில் பட்டம், பதவி, தேதி எல்லாம் பிசகாமல் வந்துவிட்டன. தமிழ் மடலுக்கு மிஞ்சியிருப்பது ஒரு கதைதான். அவர் கேட்டுக்கொண்டபடியே, அவருடைய ஒரு பிழையையும் சேர்த்துச் சொல்கிறோம். பாராட்டு மடலில் பிழையா என்று முகம் சுளிப்பவர்கள் முடியும் வரை பொறுத்திருக்க வேண்டும்.

மடல் என்றால் "நீங்கள், நீங்கள்" என்று முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் அம்மையார் கூச்சத்தில் குனிந்த தலை நிமிரமாட்டார். ஆகவே, ஸ்வர்ணலதா என்று ஒரு மாணவி இருந்தார், அவருக்கு நடந்தது இது என்று சொல்லிப் போகிறோம். அம்மையார் யாரோ எவரோ என்று கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

அந்த மாணவிக்கு அப்போது வயது ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தது. பகலில் இங்கே சித்தூரில் பாடம் நடத்துவார். விடுமுறையில் திருப்பதிக்குப் போய்ப் பாடம் கேட்பார். கணவர் முரளிதரன் இறந்த பின் வெறிச்சென்று கிடந்த வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல்தான் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தார். அவருக்கு நெறியாளராக வாய்த்தவர் பேராசிரியர் நாகபூஷணம். கறாரான மனிதர். முன்வரிசையில் உட்கார்ந்து இப்போது சிரிக்கிறாரே, அவரேதான்.

ஆய்வுத் தலைப்பு, விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்யும் பெண்களின் மன அழுத்தம். ஊர், சொந்த ஊரான நகரி. கருவி, அமெரிக்காவில் செய்து இங்கே மொழிபெயர்த்த ஒரு கேள்வித்தாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'முழுமையாக உடன்படுகிறேன்' தொடங்கி 'சிறிதும் உடன்படவில்லை' வரை ஐந்து பதில்கள். ஸ்வர்ணலதாவுக்கு அதன் மேல் அபார நம்பிக்கை. அவர் படித்த உளவியல் முழுக்க அந்த வழியில்தான் இருந்தது. மனிதன் தனி ஆள். அவன் மனம் அவனுக்குள் இருக்கிறது. தனியே உட்காரவைத்துச் சரியாகக் கேட்டால் வெளியே வரும்.

தறிக்கூடத்தில் முதல் நாளே தகராறு. அங்கே நூல் சுற்றும் அம்சவேணியிடம், "'என் வாழ்க்கை முடிவுகளை நான் தனியாக எடுக்கிறேன்.' இதற்கு என்ன சொல்றீங்க?" என்று கேட்டார்.

"தனியா எடுத்துட்டு? அப்பறம் தனியாவே சோறாக்கித் துன்னுக்கினு கெடக்கவா?" என்றார் அம்சவேணி. கூடமே சிரித்தது.

அடுத்த கேள்வியை அம்சவேணியிடம் கேட்டால் பக்கத்தில் நின்ற லட்சுமம்மா பதில் சொன்னார். "அவளுக்கு இன்னா கவலை? மவ ரோஜாவுக்கு சத்தியவேட்டுல சம்பந்தம் பேசிக்கினு கீறாங்க. அதான் தூக்கம் வர்ல." இடையில் இன்னொருத்தி, "இந்த அஞ்சுல எது நல்லதோ அத்த நீயே போட்டுக்கோம்மா" என்று பெரிய மனதுடன் அனுமதி கொடுத்தாள்.

நிரப்பிய தாள்களைப் பார்த்த நாகபூஷணம் தலையில் கை வைத்தார். "ஏமம்மா, இது டேட்டாவா? தேர் பார்க்க வந்த கும்பலா? ஒருத்தியைக் கேட்டா ஒருத்திதான் சொல்லணும். தனியா கூப்பிடு. கதவைச் சாத்து. ரகசியம் காக்கறேன்னு எழுதிக் கொடு. அதான் முறை."

முறை அதுதான். உலகம் முழுக்க உளவியல் மாணவர்களுக்குச் சொல்லித்தருவதும் அதுதான். ஸ்வர்ணலதாவும் அதைத்தான் செய்தார். ஆனால் நகரியில் கதவு சாத்தினால் வெளியே பேச்சுக் கேட்காத அறைக்கு எங்கே போவது? தேடித் தேடிக் கடைசியில் ஒரு தனியார் கிளினிக்கின் பின்னறை வாடகைக்குக் கிடைத்தது. மின்விசிறி, மேசை, இரண்டு நாற்காலி. மாதம் ஒருமுறை வெளியூரிலிருந்து மனநல மருத்துவர் வந்து உட்காருவதும் அதே அறையில்தான். அது ஸ்வர்ணலதாவுக்குத் தெரியும். தெரிந்தும், அதனால் என்ன என்று நினைத்தார். ஊரில் பிறந்து வளர்ந்தவர், அந்த ஊர்ப் பிள்ளை, இப்படி நினைத்தார் பாருங்கள்! படிப்பு சில நேரம் இப்படித்தான் கண்ணைக் கட்டும்.

முதலில் வந்தவர் அம்சவேணி. கேள்விகள் முடிந்த பிறகும் எழவில்லை, ரோஜா புகுந்த வீடு போய்விட்டால் வீடு எப்படி இருக்குமோ என்று பேசிக்கொண்டே இருந்தார், கொஞ்சம் அழுதார், முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். மறுவாரமும் வந்தார். வாசலில் மருந்து வாங்க நின்றவர்கள் இரண்டு தடவையும் பார்த்தார்கள்.

பேச்சு நகரியில் கிளம்பிப் புத்தூர் வழியாகச் சத்தியவேட்டுக்குப் பஸ் ஏறிப் போனது. மாப்பிள்ளை சந்துரு ரேணிகுண்டாவில் ஒரு பட்டறையில் வேலை பார்ப்பவன். அப்பா செங்கல்வராயன், அம்மா வள்ளி, பரம்பரையாகப் பயிர் வைக்கிற குடும்பம். வள்ளி ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். "பொண்ணு நல்ல பொண்ணுதான். ஆனா தாயி மூளை டாக்டராண்ட போய்க்கினு கீதாமே. தாய்க்கு இருக்கறது மவளுக்கு வராதுன்னு யாரு எழுதிக் குடுப்பா? கொஞ்ச நாள் போவட்டும்." கல்யாணப் பேச்சில் 'கொஞ்ச நாள் போகட்டும்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

அம்சவேணி நேரே இந்தக் கல்லூரிக்கே வந்துவிட்டார். துறை அறையில் நாங்கள் இருக்கும்போதே கேட்டார்.

"மேடம், அந்த ரூம்புல நான் இன்னா பேசுனேன்? வந்து சம்பந்திகிட்ட சொல்லு."

"அது ரகசியம், அம்சவேணி. நான் வெளியே சொல்லக் கூடாது. உங்க நல்லதுக்குத்தான் அந்த விதி."

"யாருக்கு ரகசியம்? பேசுனது நானு. சொல்லுன்னு சொல்றதும் நானு. உன் ரூலு என் பொண்ணு கல்யாணத்த நிறுத்திப்புட்ச்சி. அதுக்கு ஒரு ரூலு கீதா ஒங்கிட்ட?"

ஸ்வர்ணலதா படித்தவர் அல்லவா, ஏதாவது செய்தாக வேண்டுமே. கல்லூரித் தாளில், முத்திரை குத்தி, 'அம்சவேணிக்கு மனநோய் எதுவும் இல்லை' என்று ஆங்கிலத்தில் ஒரு சான்று எழுதிக் கொடுத்தார். அம்சவேணியின் கணவர் பாலசுந்தரம் அதை மடிப்புக் கலையாமல் சத்தியவேட்டுக்குக் கொண்டுபோனார். ஆங்கிலம் தெரிந்த யாரோ அதை உரக்க வாசித்துப் பொருள் சொல்ல, வள்ளி மோவாயில் கைவைத்துக்கொண்டாராம். "பைத்தியம் இல்லன்னு சர்ட்டிபிகேட் வாங்கிக்கினு வர்ற மனுசங்கள இப்பத்தாம்மா பாக்கறேன்!"

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. பாலசுந்தரம் திரும்பி வந்து யாரையும் திட்டவில்லை. அதுதான் ஸ்வர்ணலதாவுக்குத் தாங்கவில்லை. தன் கேள்வியால் ஒரு பெண்ணின் கல்யாணம் நிற்கிறது, அந்தப் பெண் செய்த குற்றம் ஒன்றுமில்லை என்ற நினைப்பு அவரைச் சாப்பிடவிடவில்லை. வகுப்பில் பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவார்.

அந்த நாட்களில்தான் தேவயானியின் வீடியோ அழைப்பு வந்தது. நம் கல்லூரியில் படித்துவிட்டு, பிலிப்பைன்ஸுக்கு மருத்துவம் படிக்கப் போன பெண். நலம் விசாரிக்கக் கூப்பிட்டவளிடம் ஸ்வர்ணலதா மனம்விட்டு நடந்ததைச் சொன்னார். தேவயானி சிரித்தாள்.

"மேடம், இங்கேயும் இதே கூத்துதான். ஒரு நோயாளியைக் கூப்பிட்டா குடும்பமே உள்ள வருது. எங்களுக்குப் பாடம் எடுக்கறவர் சொல்றார், வெளிநாட்டு முறையை அப்படியே வெச்சா எங்க ஜனங்க வாயைத் திறக்கமாட்டாங்கன்னு. அதுக்குத்தான் இவங்க தங்களுக்குன்னு ஒரு சைக்காலஜி உண்டாக்கியிருக்காங்க. அனுப்பட்டுமா?"

"பிலிப்பைன்ஸ்லயா? அங்க டாக்டருக்குப் படிக்கப் போவாங்க. மனசையுமா படிக்கப் போவாங்க?" என்றார் ஸ்வர்ணலதா. ஆனாலும் அனுப்பச் சொன்னார்.

வந்ததைப் படிக்கத் தொடங்கியவர் புத்தகத்தைக் கீழே வைக்கவில்லை. 'சிகோலோஹியாங் பிலிப்பினோ' என்று அதற்குப் பெயர். அதன் நடுவே 'காப்வா' என்றொரு சொல். ஆங்கிலத்தில் அதைப் 'பிறர்' என்று பெயர்த்துவிடுகிறார்கள். ஆனால் பிறர் என்றால் நான் போக மற்றவர். காப்வாவில் நானும் உண்டு. நானும் நீயும் ஒரே இடத்தில் நிற்கிறோம், அங்கிருந்துதான் மனதைப் பற்றிய பேச்சே தொடங்குகிறது என்கிறார்கள். எங்களுக்கு இதை அவர் ஆசிரியர் அறையில் விளக்கியபோது கணக்குத் துறை எழிலரசன் சார், "அதான் தறிக்கூடத்திலேயே சொன்னாங்களே மேடம்" என்றார். ஸ்வர்ணலதா சிரிக்கவில்லை. "ஆமாம். நான்தான் அதைக் கும்பல்னு அடிச்சுத் தள்ளினேன்" என்றார்.

இன்னொன்றும் படித்தார். அவர்களுடைய ஆய்வாளன் கேள்வித்தாளோடு போய் நிற்பதில்லை. போகிறான், உட்காருகிறான், பேச்சோடு பேச்சாகக் கேட்கிறான். அவனையும் கேட்பார்கள், அவன் பதில் சொல்லியாக வேண்டும். வெளியாளாக இருக்கும் வரை கிடைப்பது மரியாதைப் பேச்சு. வெளியாள் இல்லை என்று ஆன பிறகுதான் உண்மை வரும். இதைப் படித்த இடத்தில் ஸ்வர்ணலதாவுக்குச் சுருக்கென்றது. நகரியில் பிறந்தவர், கையில் ஃபைலோடு போய், அந்த ஊருக்கே வெளியாளாகியிருந்தார்.

திருப்பதிக்குப் போய் நெறியாளரிடம் சொன்னார். நாகபூஷணம் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "அமெரிக்கா போதும்னு மணிலாவுக்கு பஸ் ஏறிட்டியா அம்மா? இதுவும் வெளியூர்ச் சரக்குதானே?"

"ஆமா சார். இதையும் அப்படியே கொண்டுவந்து இறக்கினா இன்னொரு கேள்வித்தாள்தான். அவங்க தங்க ஜனங்களை உட்கார்ந்து பார்த்தாங்க. நானும் உட்கார்ந்து பார்க்கணும். அதைத்தான் அவங்ககிட்ட எடுத்துக்கறேன்."

"பட்டம் தள்ளிப்போகும்."

"ரோஜா கல்யாணமே தள்ளிப்போகுது சார். பட்டம் போனா என்ன?"

நாகபூஷணம் கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஆய்வு முறையை மாற்றச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார்.

ஸ்வர்ணலதா நகரிக்குப் போனார். ஃபைல் இல்லை. அம்சவேணி வீட்டில் தறிக்கூடப் பெண்கள் எல்லாரையும் வைத்துக்கொண்டு, "நான் கெடுத்துட்டேன். எப்படிச் சரி பண்றதுன்னு எனக்குத் தெரியல. நீங்க சொல்லுங்க" என்றார். லட்சுமம்மா சொன்னார். "ஆடி வருது. அம்மன் கோயில்ல கூழு ஊத்துவோம். வள்ளியும் வருவா, அவ அக்காவ எங்க தெருவுலதான் குடுத்துக் கீது. நீயும் வா. எங்ககூடவே குந்து. மத்தத நாங்க பாத்துக்கறோம்."

ஆடி மாதம், ஞாயிற்றுக்கிழமை, அம்மன் கோவில் வேப்பமரத்தடி. கேழ்வரகுக் கூழ், கருவாட்டுக் குழம்பு, வெங்காயம். வள்ளி வந்திருந்தார், அம்சவேணியைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். ஸ்வர்ணலதா பெண்களோடு தரையில் உட்கார்ந்து சொம்பில் கூழை வாங்கினார். அப்போது லட்சுமம்மா எல்லார் காதிலும் விழுகிறாற்போல ஆரம்பித்தார்.

"மேடம், அன்னிக்கு எங்களப் பூரா கேட்டியே. இன்னிக்கு நாங்க கேக்கறோம். நீ சொல்லு."

"கேளுங்க."

"ராத்திரில தூக்கம் வருதா?"

கேள்வித்தாளில் இருந்த கேள்வி. அதை எத்தனையோ பெண்களிடம் கேட்டவர் அவர். இங்கே சித்தூரில் மனம் பற்றிப் பாடம் நடத்துகிறவர். பக்கத்து மேசைக்காரர்களான எங்கள் யாருக்கும் தெரியாமல் அவர் வைத்திருந்த விஷயம் ஒன்று இருந்தது. சொன்னால் நாளைக்குள் சித்தூர் முழுக்கத் தெரிந்துவிடும். சொல்லாமல் 'வருது' என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்?

"வராது" என்றார் ஸ்வர்ணலதா. "எங்க வூட்டுக்காரர் போனதுலருந்து வராது. ஒரு வருஷம் கண்ணையே மூடல. திருப்பதில மனநல டாக்டர்கிட்ட போனேன். மாத்திரை குடுத்தார். இன்னிக்கும் துன்றேன். மூளை டாக்டர்கிட்ட போனது அம்சவேணி இல்ல. நான்தான். அம்சவேணி எங்கிட்ட வந்து மகளைப் பிரியணுமேன்னு அழுதாங்க. அவ்வளவுதான்."

கூழ் ஊற்றிக்கொண்டிருந்தவள் கரண்டியை நிறுத்திவிட்டாள். அம்சவேணிக்கே அது தெரியாது. "அய்யய்யோ, மேடம்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். வள்ளி ஸ்வர்ணலதாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாத்தர துன்னா தூக்கம் வருதா?" என்று கேட்டார் வள்ளி.

"வருது. சில நாள் வராது."

வள்ளி சொம்பைக் கீழே வைத்தார். "எங்க பெரியவன கழனில பாம்பு புடுங்கி, அவன் போய்ச்சேந்து மூணு வருசம் ஆவுது. அன்னிலருந்து எனக்கும் இல்ல. விடிய விடிய மோட்டுவளையப் பாத்துக்கினு கெடப்பேன். எங்க வூட்ல யாராண்டயும் சொன்னதில்ல. சொன்னா, சின்னவனுக்கு யாரு பொண்ணு குடுப்பா?"

சொன்ன பிறகுதான், தான் யார் முன்னால் சொன்னோம் என்பது வள்ளிக்கு உறைத்தது. நிமிர்ந்து அம்சவேணியைப் பார்த்தார். அம்சவேணி இன்னொரு கரண்டி கூழை வாங்கி அவர் சொம்பில் ஊற்றினார்.

"துன்னு. நான் குடுக்கறேன் பொண்ணு" என்றார்.

இருவரும் அழுதார்கள். இதை வெட்கமில்லாமல் எழுதுகிறோம், அன்றைக்கு அங்கே அழாதவர்கள் இல்லை என்று கேள்வி.

ஆய்வு பிறகு நடந்தது, நாள் பிடித்தது. ஸ்வர்ணலதா தேர்வாளர்களிடம் நல்ல அடியும் வாங்கினார். இரண்டு முறை திருத்தி எழுதி, ஒருவழியாகப் பட்டம் வந்தது. நம் கல்லூரி ஆலோசனை அறையில் இரண்டு நாற்காலி போய் அகலமான பாய் வந்தது. அம்மாவோடு வருகிறவள், தோழியோடு வருகிறவள், நாலு பேராய் வருகிறவள், யார் வந்தாலும் இடம் உண்டு. அதற்காகக் கதவைப் பிடுங்கி எறிந்துவிடவும் இல்லை. வீட்டில் அடிபட்டு வருகிற பெண்ணுக்குக் கதவு சாத்தத்தான் வேண்டும் என்பார். தாழ்ப்பாள் யார் கேட்கிறார்களோ அவர்கள் கையில். சாமர்த்தியமாக ஒரு பக்கம் சாய்ந்துவிடாத இந்தப் புத்திக்கும் நாங்கள் தலைவணங்குகிறோம்.

இனி அந்த ஆடிக்கு அடுத்த ஆவணிக்குத் திரும்பி வருவோம். ரோஜாவுக்கும் சந்துருவுக்கும் நிச்சயதார்த்தம். ஸ்வர்ணலதா போயிருந்தார், ஆனால் கூடத்துக்கு வெளியே, செருப்புகள் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். கணவரை இழந்த பிறகு சுபகாரியங்களில் அவர் நிற்கிற இடம் அதுதான். யாரும் சொல்லி அல்ல, அவராகவே பழகிக்கொண்டது. எத்தனையோ கல்யாணங்களில் நாங்களும் அவரை அங்கே பார்த்திருக்கிறோம்.

தட்டு மாற்றும் நேரம். பெண் வீட்டுத் தட்டை எடுத்துக் கொடுக்கச் சுமங்கலி ஒருவர் தயாராக நின்றார். அம்சவேணி தட்டைத் தூக்கிக்கொண்டு நேரே வாசலுக்கு வந்து ஸ்வர்ணலதாவின் கையில் வைத்தார்.

"நான் வேணாம், அம்சவேணி. நல்ல காரியம்."

"நீ இன்னா அசலாளா? வா உள்ள."

கூடத்தில் யாரோ ஒரு அத்தை, "அந்தம்மாவா? வேற ஆளே கெடைக்கலியா?" என்றது நன்றாகவே கேட்டது. ஸ்வர்ணலதா தட்டோடு கூடத்தின் நடுவில் நின்றார். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பழம், புடவை. எதிரே வள்ளி. ஒருமுறை நிறுத்திய கல்யாணம். இப்போது இன்னொரு காரணமும் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. வள்ளி அந்த அத்தையைப் பார்க்கவில்லை. இரண்டு கையையும் நீட்டினார்.

"எத்தினி நேரம் புட்ச்சிக்கினு நிப்பீங்க? கை நோவும். குடுங்க சம்பந்தி" என்றார்.

பேராசிரியப் பெருந்தகையே! கதை முடிந்தது, இனி உங்களிடமே பேசுகிறோம். வழக்கமாக இவ்விடத்தில் நூறாண்டு வாழ்க என்று எழுதுவார்கள். வாழுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் அடுத்த மாதம் எழிலரசன் சார் வீட்டில் கல்யாணம். பத்திரிகை உங்களுக்குத்தான் முதலில். அன்று வாசலில் உங்களைத் தேடிக்கொண்டு யாரும் வரப்போவதில்லை. உள்ளே வந்து முன்னால் உட்காருங்கள். தட்டு எடுத்துக் கொடுக்க ஆள் வேண்டும்.

என்றும் உங்கள் அன்பில்,
கல்லூரி ஆசிரியர்கள், அலுவலர்கள்;
அவர்கள் சார்பில் எழுதி வாசித்த தமிழ்த்துறை கோவர்த்தனன்;
எங்களையும் போடு என்று காலையில் முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய அம்சவேணி, வள்ளி, லட்சுமம்மா.